இயந்திரத்தின் வயதும் நூலின் வயதும்

கற்பிட்டி முனையிலிருந்து உடப்பு, சிலாபம் வரை இறங்கும் புத்தளம் மாவட்டக் கரையில் நிரலாக்கம் படிக்க உட்காரும் பிள்ளைக்குக் கிடைக்கும் கணினி பெரும்பாலும் பல கை மாறி வந்தது. கொழும்பில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினியைப் புத்தளம் நகரத்துக் கடையொன்று திருத்தி விற்றிருக்கும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை முடித்து வந்த மாமா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த மடிக்கணினியாக இருக்கும். அல்லது அண்ணனும் அக்காவும் தட்டிப் பழகிய பாடசாலைக் கணினி அறை இயந்திரமாக இருக்கும். 2022இல் டொலரின் விலை ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறிய பின், புதியது வாங்குவோம் என்ற பேச்சே பல வீடுகளில் அடங்கிப்போனது. உப்பு வயலிலும் மீன் வாடியிலும் வெங்காயத் தோட்டத்திலும் உழைக்கும் குடும்பத்துக்கு இருக்கிற கணினிதான் கணினி.

அந்தக் கணினியில் எந்த நூலை, எந்தப் பாடத்தை வைத்துப் படிப்பது என்று கேட்டால் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். புதுக் கணினி வாங்குங்கள் என்பது ஒன்று. இன்டர்நெட்டில் எல்லாம் இருக்கிறது என்பது மற்றது. முதற்பதில் காசில்லாதவருக்கு உதவாது. இரண்டாவது பதில் பாதி உண்மை; இணையத்தில் குவிந்திருப்பதில் பெரும்பகுதி இந்தக் கணினியை நினைத்து எழுதப்பட்டதல்ல. கணினி மெதுவாக ஓடுவதால் மட்டும் படிப்பை விடுகிற பிள்ளை குறைவு என்பது என் எண்ணம். நூல் ஓர் ஆண்டுக்கும் இயந்திரம் வேறோர் ஆண்டுக்கும் உரியதாக இருக்கும். அச்சில் உள்ளபடியே தட்டிய நிரல் ஓடாது. பிழை தன்னுடையதுதான் என்று நம்பிப் பிள்ளை விலகிவிடும். ஆகவே நல்ல கற்றல் வளம் எது என்று ஆராய்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது நூலின் புகழையல்ல, அதன் வயதை.

வயதைக் கணக்கிடச் சில ஆண்டுகளை மனத்தில் வைத்திருந்தால் போதும். வின்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில். வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபரில். ஆதரவு நின்றதும் கணினி நின்றுவிடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள மென்பொருள்கள் ஒவ்வொன்றாக அதைக் கைவிடத் தொடங்குகின்றன. கூகுள் குரோம் உலாவி 2016இல் எக்ஸ்பியை விட்டது. வின்டோஸ் 7இல் ஓடும் கடைசிக் குரோம் 109ஆம் பதிப்பு. இன்று பெருவழக்கான விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எழுதுகருவி வின்டோஸ் 7இல் 1.70 பதிப்போடு நின்றுவிட்டது. சிறுவர்களுக்கான ஸ்கிராட்ச் 3, 2019 ஜனவரியில் வந்தபோது, கணினியில் நிறுவ வின்டோஸ் 10ஐக் கேட்டது. ஆனால் பழைய ஸ்கிராட்ச் 1.4 எக்ஸ்பியிலும் ஓடும். ஒரு நூலோ காணொளியோ முதல் பக்கத்திலேயே இந்த இணையப் பக்கத்தைத் திறந்து நிரலை எழுதுங்கள் என்று தொடங்கினால், வின்டோஸ் 7 கணினிக்காரருக்கு அது அநேகமாகப் பொருந்தாத வளம். நல்ல நூலாக இருந்தாலும் பொருந்தாது.

பைதனில் இந்தச் சிக்கல் இன்னும் நுட்பமானது. உயர் தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்துக்குப் பைதன் வேண்டும். ஆனால் எந்தப் பைதன்? எக்ஸ்பியில் ஓடும் கடைசிப் பைதன் 2014இல் வந்த 3.4. வின்டோஸ் 7இல் கடைசியாக ஓடுவது 2019இல் வந்த 3.8. இன்றைய நூல்களும் காணொளிகளும் சொற்றொடருக்குள் மாறியின் பெறுமதியைச் செருக எஃப்-ஸ்ட்ரிங் என்ற முறையைத்தான் கையாள்கின்றன. அது 3.6இல் பிறந்தது. எக்ஸ்பி வைத்திருக்கும் பிள்ளை அதைத் தட்டினால், தொடரியல் பிழை என்ற செய்திதான் கிடைக்கும். நூலில் மெட்ச்-கேஸ் அமைப்பு வந்தால் அது 3.10க்குரியது, வின்டோஸ் 7காரரும் நின்றுவிடுவார்.

மறுபக்கமும் இருக்கிறது. நகரத்துப் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் பைதன் நூல் பைதன் 2 காலத்தியதாக இருக்கலாம். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தால் அதுதான் அடையாளம். அந்தப் பிழையைக் கணினியே காட்டிவிடும். காட்டாத பிழைதான் ஆபத்தானது: 7ஐ 2ஆல் வகுத்தால் பைதன் 2 விடையாக 3 தரும், பைதன் 3 விடையாக 3.5 தரும். நூலில் ஒரு விடை, திரையில் ஒரு விடை. இரண்டும் சரியென்றே சொல்லும். பைதன் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதி முடிந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கையில் அந்தக் காலத்து நூலைக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

சாதாரண தரத்துக்கு வருவோம். இங்கேதான் பழைய கணினிக்காரருக்கு நல்ல காலம். இலங்கைப் பாடவிதானம் இந்தத் தரத்தில் பாஸ்கல் மொழியைக் கற்பிக்கிறது. உலகமே பைதன் படிக்கும்போது நம் பிள்ளைகளுக்கு ஏன் பாஸ்கல் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970இல் அதை வெளியிட்டது மாணவர்களுக்கு ஒழுங்கான நிரலாக்கம் கற்பிப்பதற்காக. மாறியை முதலில் அறிவிக்க வேண்டும், அதன் வகையைச் சொல்ல வேண்டும், தொடக்கமும் முடிவும் தெளிவாக எழுத வேண்டும். இந்தக் கண்டிப்பு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது. புத்தளத்துக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. பாஸ்கல் நிரல் எழுதிப் பழக மிகப் பழைய கணினியே போதும்.

ஆனால் எந்தப் பாஸ்கல் என்ற கேள்வி இங்கும் எழுகிறது. 1983 நவம்பரில் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்ட டர்போ பாஸ்கல் ஒரு தலைமுறையையே வளர்த்தது. அண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் எழுதிய அந்தத் தொகுப்பான் 49.95 டொலருக்கு விற்றது. எழுதுகருவி, தொகுப்பான் எல்லாம் ஒரே மென்பொருளுக்குள் இருந்தன. பழைய நூல்கள் பலவும் அதை வைத்தே எழுதப்பட்டவை. அந்த நூலைப் பின்பற்ற டர்போ பாஸ்கலையே நிறுவினால் இரண்டு இடங்களில் இடறும். 64 பிட் வின்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் டொஸ்பொக்ஸ் போன்ற மென்பொருள் வேண்டும். 32 பிட் வின்டோஸில் ஓடினாலும், திரையைத் துடைக்கவும் காலந்தாழ்த்தவும் பயன்படும் சிஆர்டி அலகைச் சேர்த்த உடனே ரன்டைம் எரர் 200 என்று நிரல் விழுந்துவிடலாம். பூச்சியத்தால் வகுத்த பிழை அது. பிள்ளை தன் நிரலில் வகுத்தலைத் தேடும். அங்கே வகுத்தலே இருக்காது. அந்த அலகு தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வேகத்தைக் கணக்கிட அதில் இடமில்லாமல் போனதால் வந்த கோளாறு. நாம் பழையது என்று சொல்லும் கணினி, அந்த மென்பொருளுக்கு அளவு மீறிப் புதியது.

இதற்கு நேரான தீர்வு ஃப்ரீ பாஸ்கல். 1993இல் ஜேர்மனியின் ஃப்ளோரியன் கிளாம்ஃப்ல் தொடங்கியது; இலவசம்; வின்டோஸ், லினக்ஸ் மட்டுமல்ல டொஸிலும் ஓடும் பதிப்பு உண்டு. அதன் நீலத்திரை எழுதுகருவி டர்போ பாஸ்கலைப் போலவே இருப்பதால் பழைய நூலும் பள்ளிப் பாடநூலும் அதில் பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இன்டிஜர் வகை மாறி ஒன்றில் டர்போ பாஸ்கலும் ஃப்ரீ பாஸ்கலின் இயல்பு நிலையும் வைத்திருக்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. 1980களின் நூல்களுக்கு அது போதும். அங்கே வரும் பயிற்சிகள் புள்ளிகளையும் வயதையும் சிறு விலைகளையும் கூட்டுபவை. இன்றைய கற்பிட்டிப் பிள்ளை அந்தப் பயிற்சியைத் தன் ஊருக்கு மாற்றி எழுதட்டும்: 60 கிலோ மீன், கிலோ 800 ரூபா. பெருக்கி இன்டிஜர் மாறியில் வைத்து அச்சிட்டால் 48,000 வராது, -17,536 வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. லாங்இன்ட் என்று வகையை மாற்றினால் சரியாகும், ஏனெனில் அது 214 கோடிக்கு மேல் கொள்ளும். இன்னொரு வியப்பு, அதே நிரலை ஃப்ரீ பாஸ்கலின் உறவான லாசரஸில் எழுதினால் பொதுவாக 48,000 சரியாகவே வரும். அங்கே இயல்பு நிலையில் இன்டிஜர் 32 பிட். ஒரே நிரல், ஒரே மேசையில் இரண்டு விடை. நல்ல பாஸ்கல் நூல் எது என்று என்னைக் கேட்டால், எண்வகைகளின் எல்லையை வெளிப்படையாகச் சொல்லி, எல்லை மீறினால் எச்சரிக்கும்படி தொகுப்பானை அமைக்கவும் கற்றுத்தரும் நூலைத்தான் கையில் எடுப்பேன். ரூபாவின் மதிப்பு இறங்கிய நாட்டில் பழைய நூலின் எண்கள் இனி நமக்குப் போதா.

தமிழில் கிடைப்பவற்றை இனி எடைபோடலாம். முதலிடம் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூலுக்கும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிக்கும்தான். இலவசம், தமிழ்மொழி மூலம், பரீட்சைக்கு நேர்ப்பொருத்தம். இணையத்திலிருந்து ஒரு முறை இறக்கிக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். குறை ஒன்றுண்டு. பாடநூல் நிரலாக்கத்துக்கு ஒதுக்கும் பக்கங்கள் குறைவு. ஒரு மொழியைக் கைப்பழக்கமாக்க அதைப் போலப் பல மடங்கு பயிற்சி வேண்டும். கடந்தகால வினாத்தாள்கள் அந்தக் குறையை ஓரளவுதான் நிரப்பும். அவை கணினி முன் உட்கார்ந்து செய்யும் வேலையைவிடக் காகிதத்தில் விடை காண்பதையே பழக்குகின்றன. அதுவும் வீண்போகாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்தில் வந்து குடியேறியதிலிருந்து இங்குள்ள பாடசாலைகள் சுமந்துவந்த நெருக்கடி பெரியது. ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் உட்காரும் இடத்தில், மாறியின் பெறுமதி வரிக்கு வரி எப்படி மாறுகிறது என்று அட்டவணை போட்டுப் பார்க்கச் சொல்லும் பயிற்சி, கணினிக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் வேலை கொடுக்கிறது.

தமிழகப் பாடநூல்களை நம் ஆசிரியர்கள் இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும். 2018இல் வந்த 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் சி++ கற்பிக்கிறது. அடுத்த ஆண்டு வந்த 12ஆம் வகுப்பு நூல் பைதன் கற்பிக்கிறது. இரண்டும் தமிழ் வழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. துறைச்சொற்கள் நம் பாடநூலிலிருந்து வேறுபடும். ஆசிரியர் ஒரு பக்கத்தில் இரண்டையும் எதிரெதிரே எழுதிக் கொடுத்துவிட்டால் அது தடையாகாது. ஆனால் இந்தியாவிலிருந்து வரும் பழைய சி, சி++ நூல்களில் விழிப்பு வேண்டும். தமிழகக் கல்லூரிகள் டர்போ சி தொகுப்பானை அதன் காலம் கடந்தும் நெடுநாள் கட்டிப்பிடித்திருந்தன. அந்த வழக்கில் எழுந்த நூல்கள் ஐஓஸ்ட்ரீம் என்ற தலைப்புக் கோப்பை .எச் என்ற முடிவோடு சேர்க்கும், கொன்ஐஓ கோப்பையும் திரைதுடைக்கும் கட்டளையையும் ஒவ்வொரு நிரலிலும் திணிக்கும். 1998இல் சி++ மொழிக்குத் தரநிலை வந்தபோதே முதலாவது வழக்கொழிந்தது. மற்றவை மொழியைச் சேர்ந்தவையே அல்ல, அந்தத் தொகுப்பானின் சொந்தச் சரக்கு. இன்றைய தொகுப்பானில் முதல் வரியிலேயே நிரல் விழும். இப்படிப்பட்ட நூல் கையில் வந்தால் வைத்துவிடுவதே நல்லது.

தமிழகத்துக் கணியம் குழுவினரின் உழைப்பை இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும். லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், எச்டிஎம்எல் என்று து. நித்யா எழுதிய எளிய தமிழில் வரிசை நூல்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வருபவை; படியெடுத்துப் பகிரத் தடையில்லை. பேச்சுநடையில், ஒவ்வொரு கட்டளையும் அதன் விளைவும் அடுத்தடுத்து வைத்து எழுதியிருப்பது தனியே படிப்பவருக்குப் பெரும் துணை. மும்பை ஐஐடியின் ஸ்போகன் டியூட்டோரியல் திட்டத்தில் சி, சி++, பைதன் முதலியவற்றுக்குத் தமிழ்க் குரலில் சிறு சிறு காணொளிகள் உள்ளன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று: பாடத்தின் தொடக்கத்திலேயே எந்த இயக்குதளத்தில், எந்தப் பதிப்புத் தொகுப்பானில் இது பதிவானது என்று சொல்லிவிடுகிறார்கள். சி பாடங்கள் உபுண்டு லினக்ஸின் 2011 காலத்துப் பதிப்பில் செய்யப்பட்டவை. புதுக் கணினிக்காரருக்கு அது பழையதாகத் தோன்றலாம். நம் கணினிக்கு அது ஒத்த வயது.

மற்றக் காணொளிகளைப் பற்றி எனக்குத் தயக்கம் அதிகம். சொல்பவர் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறார் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒரு வரியைத் திரும்பத் தேடிப் பிடிக்க முடிவதில்லை. டேட்டாவும் தின்னும். மின்சாரமும் வேண்டும்: 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இதே மாவட்டத்தில் இருந்தும், 2022 மார்ச் கடைசியில் நாடெங்கும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது இந்தக் கரையும் இருண்டுதான் கிடந்தது. அச்சிட்ட பக்கங்கள் அப்போதும் கையில் இருந்தன. சிங்களத்தில் நல்ல காணொளிகள் நிறைய உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கரையில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் காதுக்குப் பழகிய மொழி. யாழ்ப்பாணத்து மாணவருக்கு எளிதில் வாய்க்காத வசதி அது. பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

உலகில் பழைய கணினிகளில் நிரலாக்கம் என்றால் பலருக்கும் நினைவு வருவது 1981இன் பிபிசி மைக்ரோ, 1982இன் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64. அவற்றை மீட்டெடுத்துப் பழகுவோர் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த இயந்திரங்களைத் தேட வேண்டியதில்லை. அவற்றோடு வந்த கையேடுகளின் இயல்பைத் தெரிந்துகொள்வது பயன். கணினியும் நூலும் ஒரே பெட்டியில் வந்தன. வாசகரிடம் அந்த இயந்திரத்தையும் இந்த நூலையும் தவிர வேறெதுவும் இல்லை என்று எழுதியவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு நிரலும் முழுமையாக அச்சாகியிருந்தது, ஒவ்வொரு பிழைச் செய்திக்கும் விளக்கம் பின்னிணைப்பில் இருந்தது. அக்காலத்தில் சிறுவர்களுக்காக அழகான படங்களோடு வந்த அஸ்போர்ன் பதிப்பகத்தின் கணினி நூல்கள் பலவற்றை இன்று அந்தப் பதிப்பகமே இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள விட்டிருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கும் ஆசிரியர் ஒருவர் பயிற்சி அமைக்கும் முறையை அவற்றிலிருந்து நிறையக் கற்கலாம்.

பைதனுக்கு அப்படியொரு கையேடு கணினிக்குள்ளேயே வருகிறது. வின்டோஸுக்கான 3.4ஐயோ 3.8ஐயோ நிறுவினால் அந்தப் பதிப்பின் முழு ஆவணமும் உதவிக் கோப்பாகக் கூடவே இறங்கும். அதிலுள்ள பயிற்சிப் பாடம் அந்தப் பதிப்புக்கே எழுதப்பட்டது. அச்சில் உள்ளது திரையில் நடக்கும். ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதுதான் தடை. எழுதுகருவிக்குத் தொன்னி நல்லது: பைதன் 3.8ஓடு சேர்த்து வின்டோஸ் 7க்கென்றே தனிப் பதிப்பு உண்டு. நிரல் ஒவ்வொரு அடியாக நடக்கும்போது மாறிகள் எப்படி மாறுகின்றன என்று கண்முன் காட்டும்.

வீட்டுக் கணினியாக இருந்து, பக்கத்தில் தெரிந்த ஒருவரும் இருந்தால் வின்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதே சிறந்த வழி. டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பு 32 பிட் கணினிகளிலும் ஏறும், பைதன் 3.11உம் ஃப்ரீ பாஸ்கலும் அதில் கிடைக்கும். அதற்கான நீண்டகால ஆதரவு 2028 வரை உண்டு. 2025இல் வந்த டெபியன் 13 புதிய 32 பிட் நிறுவலை விட்டுவிட்டது. பாடசாலைக் கணினியில் இதைச் செய்ய அதிபரின் அனுமதியும் பராமரிக்க ஆளும் வேண்டும். இல்லாவிட்டால் இருப்பதும் கெடும்.

எந்த வளமானாலும் அதை எடைபோட நான் பரிந்துரைப்பது எளிய ஒரு சோதனை. நூலின் முதல் நிரல், நடுவிலுள்ள ஒரு நிரல், கடைசி அத்தியாயத்து நிரல் ஆகியவற்றை அந்தக் கணினியில் அச்சிலுள்ளபடியே தட்டிப் பார்க்க வேண்டும். முதல் நிரல் பெரும்பாலான நூல்களில் ஓடிவிடும். அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நடு நிரல் ஓடாவிட்டால் பதிப்புப் பொருந்தவில்லை. கடைசி நிரல் இணையத்தையோ வேறெங்கிருந்தோ இறக்கும் துணை நூலகத்தையோ கேட்டால், அந்த நூல் தன் காலில் நிற்கவில்லை. சோதனையைப் பிள்ளையிடம் விடாமல் ஆசிரியரே முன்கூட்டிச் செய்துவைக்க வேண்டும். சோதனைக்கு முன் கணினியின் திகதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 மின்கலம் தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறை மின்னிணைப்பு அறும்போதும் திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். உடனே இணையப் பக்கங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை காட்டித் திறக்க மறுக்கும். வளம் கெட்டுவிட்டது என்று ஆசிரியர் நினைப்பார். மின்கலத்தின் விலை சிறிது. உப்புக் காற்று நினைவகத் தகட்டின் தொடுமுனைகளைக் கறுக்கச் செய்வதும் இந்தக் கரையில் வழக்கமான கோளாறுதான். கழற்றி அழிறப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால் பல கணினிகள் மீண்டும் எழும்.

புத்தளம், சிலாபம் கல்வி வலயங்களின் தமிழ்மொழி மூல ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பயிற்சிக் கையேடு எழுதினால், இதுவரை சொன்ன வளங்களுக்கு இடையில் கிடக்கும் இடைவெளி நிரம்பும். பெரிய நூல் வேண்டாம். அட்டையின் பின்புறத்தில் எந்த வின்டோஸில், எந்த ஃப்ரீ பாஸ்கல் பதிப்பில், எந்தப் பைதனில் ஒவ்வொரு நிரலும் ஓட்டிப் பார்க்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். பயிற்சிகள் இந்தக் கரையிலிருந்தே வரலாம்: உப்பு மூடைகளின் எடையைக் கூட்டிச் சராசரி காண்பது, படகின் மண்ணெண்ணெய்ச் செலவைக் கழித்துப் பங்காளிகளுக்குப் பிடிப்பைப் பிரிப்பது, இறால் பண்ணைக் குளத்தின் உவர்ப்புத்தன்மை அளவுகளை அணியில் வைத்து எல்லை மீறிய நாட்களைத் தேடுவது. ஒவ்வொன்றும் ஒருமுறை பாஸ்கலிலும் ஒருமுறை பைதனிலும் எழுதப்பட்டிருந்தால், சாதாரண தரத்திலிருந்து உயர் தரத்துக்குப் போகும் பிள்ளை புதுமொழியை ஏற்கனவே தெரிந்த கணக்கோடு தொடங்கும். கடைசியில் தமிழில் ஒரு பின்னிணைப்பு: திரையில் வரும் ஆங்கிலப் பிழைச் செய்திகள், அவை எதனால் வருகின்றன, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்ற விளக்கத்தோடு. ரன்டைம் எரர் 200உம் அதில் இருக்கட்டும்.